அருவியின் தலைமாட்டுக்கு ஏறுங்கள்: லவுட்டர்புருன்னன் பக்கத்து அருவி, காடு, கணவாய் பற்றிய இழை

கேள்வி (சென்னை வாசகர் ஒருவர், 2025 ஜூன் 6): ஜூலை கடைசியில் அப்பா, அம்மா, தங்கை, நான் என்று நான்கு பேரும் சுவிட்சர்லாந்து போகிறோம். ஐந்து நாள், வாடகைக் கார். லவுட்டர்புருன்னன், கிரின்டல்வால்ட், மைரிங்கன், பிறகு க்ரிம்சல், ஃபுர்கா, சுஸ்டன். அருவிகளும் மூன்று கணவாய்களும் ஒரே சுற்றில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். காட்டுக்கென்று தனி நாள் ஒதுக்கவில்லை, வழியெல்லாம் மரந்தானே. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. திட்டம் சரிதானா?

2025 ஜூன் 7, காலை

முடியும். க்ரிம்சல் 2164 மீட்டர், ஃபுர்கா 2429 மீட்டர். இரண்டுக்கும் நல்ல தார்ச்சாலை இருக்கிறது. மூன்று கணவாய்களையும் ஒரே நாளில் சுற்றி வருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் கணவாயின் உச்சியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு இறங்கினால் கணவாயைப் பார்த்ததாக ஆகாது. கணவாய் என்பது ஒரு பள்ளத்தாக்கு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம். முதல் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஏறி வந்தவருக்குத்தான் அது தெரியும்.

என் யோசனை ஒன்றுதான். ஐந்து நாளுக்கும் ஒரே பள்ளத்தாக்கில் தங்குங்கள். ஓர் அருவியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் அடியில் நில்லுங்கள், பிறகு அது விழத் தொடங்கும் இடத்துக்கு ஏறுங்கள், அங்கிருந்து காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் தாண்டி அந்தத் தண்ணீர் புறப்படும் உயரத்துக்குப் போங்கள். அருவி, காடு, கணவாய் மூன்றும் ஒரே மலையின் மூன்று மாடிகள்.

2025 ஜூன் 7, இரவு

காலையில் அவசரமாக எழுதினேன். விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் தூன் நகரத்தில் குடியிருப்பவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் ஒரு மலை ஹோட்டலின் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். இங்கே வந்த ஈழத்தமிழர் பலருக்கும் முதல் வேலை அப்படித்தான் வாய்த்தது. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் எதிரே பாறைச்சுவர், அதில் வெள்ளைக் கோடாக ஓர் அருவி. காலையில் அது மெலிந்திருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகள் வந்து குவியும் நேரத்தில் தடித்திருக்கும். மலையில் மழை பெய்கிறது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். மேலே வெயிலில் பனி உருகி, அந்தத் தண்ணீர் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகிறது என்பதை அங்கே வேலை செய்த போர்த்துக்கீசியச் சமையல்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எந்த அருவியைப் பார்த்தாலும் இதன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

லவுட்டர்புருன்னனில் இந்தக் கேள்விக்குப் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு விடைகள் உண்டு. ஊருக்கு மேலேயே விழும் ஸ்டவுப்பாக் அருவி 297 மீட்டர். மேலே மேய்ச்சல் நிலங்களில் உருகும் பனியும் மழையும் ஊற்றுகளும்தான் அதற்குத் தண்ணீர். மே, ஜூனில் கனத்து விழும். செப்டம்பரில் மழையில்லாவிட்டால் காற்று அதைப் பாதி வழியிலேயே கலைத்துவிடும். தெற்கே சற்றுத் தூரத்தில் இருக்கும் ட்ரூமல்பாக் வேறு வகை. ஐகர், மொன்ஹ், யுங்ஃபிராவ் என்ற மூன்று சிகரங்களின் பனியாறுகளும் உருகி, மலையின் வயிற்றுக்குள்ளேயே பத்து அருவிகளாக இறங்குகின்றன. உச்ச நேரத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை. வெயில் காய்கிற ஜூலை, ஆகஸ்டில்தான் அதற்கு முழு வலு. ஆகவே ஜூலை கடைசியில் வருகிற உங்களுக்கு ட்ரூமல்பாக்கைப் பிற்பகலில் பார்ப்பதுதான் பொருத்தம். ஸ்டவுப்பாக்கை எந்த நேரத்திலும் பார்க்கலாம்.

2025 ஜூன் 8

அப்பாவின் முழங்காலைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது.

ட்ரூமல்பாக்கில் பாறைக்குள் லிஃப்ட் இருக்கிறது. ஆனாலும் லிஃப்டிலிருந்து இறங்கிய பிறகு ஈரமான படிகள் உண்டு. கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறலாம். உள்ளே குளிர் எலும்பைத் தொடும், ஜூலையிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்ளே விடுவதில்லை.

அங்கே கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டுப் பக்கத்துப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தண்ணீர் கண்ணில் படாத திருப்பத்தில்கூடப் பாறை அதிரும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் கல்லும் மணலும் அந்தத் துளை வழியாகத்தான் உருண்டு இறங்குகின்றன. காதுக்கு எட்டும் முழக்கத்தைவிடக் கையில் ஏறும் அந்த அதிர்வுதான் தண்ணீர் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லும்.

அப்பாவுக்கு இன்னொரு நல்ல வழி: லவுட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் க்ரூட்ஷால்ப், அங்கிருந்து மூரன் வரை ஏறத்தாழச் சமதளமான பாதை. ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதே தடத்தில் சிறு ரயிலும் ஓடுகிறது, முழங்கால் மறுத்தால் நடுவில் விண்டரெக் நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். இடப்பக்கம் மூன்று சிகரங்களும் வழி நெடுகக் கூட வரும். பாதையில் சிறு ஓடைகள் குறுக்கிடும். அவற்றில் ஒன்றுதான் கீழே போய் 297 மீட்டர் விழப்போகிற தண்ணீர். இவ்வளவு சின்ன ஓடையா அது என்று அப்பா நிச்சயம் கேட்பார்.

2025 ஜூன் 8, பிற்பகல்

ஒருவர் கேட்டிருக்கிறார்: அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் ஏன் இத்தனை அருவி? எழுபத்திரண்டு என்று ஊரில் சொல்வார்கள்.

பனியூழிக் காலத்தில் பெரிய பனியாறு நடுப் பள்ளத்தாக்கை ஆழமாகக் குடைந்தது. பக்கவாட்டில் வந்து சேர்ந்த சிறு பனியாறுகளுக்கு அவ்வளவு கனமில்லை, அவற்றால் அந்த ஆழத்துக்குத் தோண்ட முடியவில்லை. பனி உருகியபோது பக்கத்துப் பள்ளத்தாக்குகள் சுவரின் பாதி உயரத்தில் வாய் திறந்தபடி நின்றுவிட்டன. அவற்றின் ஓடைகளுக்கு விழுவதைத் தவிர வழியில்லை. மூரன், கிம்மல்வால்ட் போன்ற ஊர்கள் செங்குத்துச் சுவரின் விளிம்பில் புல்வெளி போட்டு உட்கார்ந்திருப்பதற்கும் இதே பனிதான் காரணம்.

2025 ஜூன் 14

"பிளாட்டன் செய்தி பார்த்த பிறகும் இப்போது மலைக்குப் போகச் சொல்கிறீர்களே" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது.

மே 28 அன்று லோட்ஷன்டால் பள்ளத்தாக்கில் மேலிருந்து சரிந்த பாறையின் கனம் தாங்காமல் பிர்ஹ் பனியாறு உடைந்து, பிளாட்டன் ஊரின் பெரும்பகுதியைப் புதைத்துவிட்டது. மலை நகர்வதைக் கவனித்திருந்ததால் ஒன்பது நாள் முன்பே சுமார் 300 பேரையும் வெளியேற்றியிருந்தார்கள். நான் அந்த ஊர் வழியாக நடந்தவன். வெயிலில் கறுத்த மரவீடுகளும் ஜன்னல்தோறும் சிவப்புப் பூத்தொட்டிகளுமாக நினைவில் இருக்கும் தெரு இன்று இல்லை. இதை எழுதும்போது கை தயங்குகிறது.

ஆனால் பயந்து ஒதுங்குவது என் பதிலாக இருக்க முடியாது. அந்த ஊர்க்காரர்களே ஒதுங்கவில்லை. உறைந்த நிலம் இளகுவதால் மலை தளர்கிறது. கான்டர்ஸ்டெக்குக்கு மேலே, ஓஷினன் ஏரிப்பக்கம், ஸ்பிட்சர் ஸ்டைன் என்ற பாறைமுகடு சில ஆண்டுகளாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் அங்கே சில பாதைகளை மூடி வைத்திருக்கிறார்கள். மூடிய பாதையின் தடுப்பைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் தாங்காது. அந்தத் தடுப்பை அங்கே வைத்தவர் கருவி கொண்டு மலையை அளந்துவிட்டு வைத்திருக்கிறார். கிளம்புகிற நாளின் காலையில் ஊராட்சியின் தளத்தையோ சுற்றுலா அலுவலகத்தையோ பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

2025 ஜூன் 15

காட்டுக்கு வருகிறேன். "வழியெல்லாம் மரந்தானே" என்ற வரி ஒரு வாரமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

இங்கே காடு பாதுகாப்புச் சுவர். ஊருக்கு மேலே சரிவில் நிற்கும் ஸ்புரூஸ் மரங்கள்தான் பனிச்சரிவு கிளம்பாமல் பிடித்துவைக்கின்றன, உருளும் கல்லை மறிக்கின்றன. ஆன்டர்மாட் ஊருக்கு மேலே உள்ள சிறு காட்டை வெட்டக்கூடாது என்று 1397-லேயே ஓலை எழுதி வைத்தார்கள். அதை மீறியவர்களும் உண்டு. மரம் குறைந்த இடங்களில் வெள்ளமும் சரிவும் வந்த பிறகு, 1876-ல் உயர்மலைப் பகுதிகளுக்கென்று நாட்டின் முதல் வனச்சட்டம் வந்தது. இன்றும் காட்டின் பரப்பைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. அதே நேரம் அது வேலி போட்ட காடும் இல்லை. தனியார் காடாக இருந்தாலும் யாரும் உள்ளே நடக்கலாம், ஊர் வழக்கப்படி பழமோ காளானோ பறிக்கலாம் என்று உரிமையியல் சட்டமே சொல்கிறது. ஒரு மனிதனுக்குச் சொந்தமான காட்டில் வழிப்போக்கனான நான் யாரிடமும் கேட்காமல் நுழையலாம் என்பதை நம்ப எனக்குச் சில காலம் பிடித்தது.

காட்டுக்கென்று ஒரு நாள் கிடைத்தால் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போகலாம், இதற்கு மட்டும் விதிவிலக்கு. ரயிலில் பிரிக், அங்கிருந்து மோரல், கேபிள் காரில் கார்களே இல்லாத ரீடரால்ப். அதற்கு மேலே ஆலெட்ஷ் காடு. 1933 முதல் காப்பிடமாக இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைகளிலேயே பெரியதான ஆலெட்ஷ் பனியாற்றின் கரையில் நிற்கும் காடு அது.

அங்கே மேலிருந்து பனியாற்றை நோக்கி இறங்குங்கள். முதலில் முறுக்கேறிய, நூற்றாண்டுகள் கண்ட ஆர்வே பைன் மரங்கள். ஒரு வரம்பு போல மண்மேடு வரும். 1860 வாக்கில் பனி அதுவரை நின்றிருந்தது. அதைத் தாண்டியதும் மரங்கள் திடீரென்று இளையவையாகிவிடும். இன்னும் இறங்கினால் லார்ச் கன்றுகள், பிறகு புதர், பிறகு பாசி, கடைசியில் வெறும் பாறை. பனி விலகிய ஒவ்வொரு பத்தாண்டும் ஒரு வரிசையாக நிற்கிறது. கணக்குப் புத்தகமே வேண்டாம், நடந்தால் போதும்.

அந்த ஆர்வே மரங்களை நட்டது பெரும்பாலும் ஒரு பறவை. நட்கிராக்கர் என்று சொல்லும் புள்ளிபோட்ட காக்கையினம். இலையுதிர் காலத்தில் விதைகளைத் தொண்டைப்பையில் நிரப்பிக்கொண்டு போய் மண்ணிலும் பாறை இடுக்கிலும் புதைத்து வைக்கும். குளிர்காலத்தில் பனியைத் தோண்டிப் பெரும்பாலானவற்றை எடுத்துத் தின்றுவிடும். எடுக்காமல் விட்டவை முளைக்கும். ஒரே பாறைப் பிளவிலிருந்து மூன்று நான்கு கன்றுகள் சேர்ந்து முளைத்திருந்தால் அது ஒரு கைப்பிடி விதை புதைத்த இடம். நானும் மகளும் இப்படிப்பட்ட கொத்துகளைத் தேடிக்கொண்டே போய்க் கடைசிக் கேபிள் காரைப் பிடிக்க ஓடியிருக்கிறோம்.

2025 ஜூலை 2

நடைபாதைகளில் நிற்கும் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் எழுதியிருப்பது தூரமில்லை, நேரம். சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்ற இறக்கத்தைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். நின்று தண்ணீர் குடிப்பது, படம் எடுப்பது எதுவும் அதில் சேராது. பெற்றோருடன் போகிறவர்கள் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை: கெட்டிக் காலணி, தலை சுற்றாத மனம். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் வேண்டும், அந்தப் பக்கமே போகாதீர்கள். 65,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதைகளை இப்படிப் பராமரிக்கிறார்கள். நடைபாதைகளை அரசியலமைப்புச் சட்டத்திலேயே சேர்க்க 1979-ல் மக்கள் வாக்களித்தார்கள். எனக்கு இந்த நாட்டின்மேல் உள்ள மதிப்பில் பெரும்பங்கு இந்த ஒரு காரியத்தால் வந்தது.

2025 ஜூலை 3

குடிநீர்: "ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்" என்று மேலே ஒருவர் எழுதியது சரியில்லை. மேலே மாடு மேய்கிறது. தொட்டியில் குழாய் வழியாக விழும் ஊற்றுநீரைக் குடிக்கலாம், குடிநீரல்ல என்ற அறிவிப்பு இல்லாவிட்டால்.

மாடு: கன்றுடன் நிற்கும் பசுவிடம் நெருங்க வேண்டாம். கன்றைத் தடவிக் கொடுக்கவே வேண்டாம். நம் ஊர் வழக்கத்தில் கையை நீட்டிவிடுவோம். இங்கே அவை திறந்த மலையில் கன்றைக் காக்கும் பசுக்கள். சுற்றிப் போங்கள், திறந்த படலை மூடிவிட்டுப் போங்கள்.

உண்ணி: காட்டோரப் புல்லில் நடந்த நாள் இரவு கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

2025 ஜூலை 19

தங்கை மட்டும் நன்றாக நடப்பாள், அவளும் நானும் ஒரு கணவாய் ஏற வேண்டும் என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். இதற்காகத்தான் காத்திருந்தேன்.

செஃபினன்ஃபுர்கே, 2612 மீட்டர். மூரனில் இரவு தங்கி அதிகாலை புறப்படுங்கள். ரோட்ஸ்டொக் குடில் வரை, அதாவது 2039 மீட்டர் வரை, புல்வெளிதான். மாட்டு மணிச்சத்தம் கூடவே வரும். அதற்குப் பிறகு புல் குறையும், மண் கறுக்கும். கடைசி ஏற்றம் முழுக்கக் கறுப்புச் சிலேட்டுச் சரளை. ஒரு அடி வைத்தால் அரை அடி வழுக்கும். குதிகாலால் மிதித்து இடம் பண்ணிக்கொண்டு ஏற வேண்டும். உச்சி என்று பெரிய இடம் எதுவுமில்லை, சுவரில் வெட்டிய வாசல் மாதிரி ஒரு பிளவு. நாலைந்து பேர் நின்றால் நிறைந்துவிடும். பின்னால் ஐகர், மொன்ஹ், யுங்ஃபிராவ். முன்னால் அதுவரை கண்ணில் படாத புளூம்லிசால்ப் பனிமுடி.

மறுபக்கம் செங்குத்தாக இறங்குகிறது. சரளையில் மரப்படிகள் பதித்து இரும்புக்கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்து ஒவ்வொருவராக இறங்குங்கள். மேலே இருப்பவர் கல்லை உருட்டிவிடாமல் கால் வைக்க வேண்டும், கீழே இருப்பவருக்கு அவர்தான் பொறுப்பு. முழு நாள் நடை இது. கீழே கிரீசல்ப் வந்து சேரும்போது தொடை நடுங்கும்.

கிரீசல்பிலிருந்து தபால் பஸ் (அஞ்சல் நிறுவனம் ஓட்டும் பயணிகள் பஸ்) இறங்கும் வழி 28 சதவீதம் வரை சரிவு. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான தபால் பஸ் வழி என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டுநர் மூன்று சுர ஹாரனை ஊதுவார். ரோசினியின் வில்லியம் டெல் இசைநாடக முன்னிசையிலிருந்து எடுத்த சுரங்கள். பஸ்ஸில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் கூடவே ஊதுவார்கள், நீங்களும் ஊதுவீர்கள். சாலையின் பக்கத்திலேயே மலையிடுக்கில் அருவி இறங்குகிறது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியதில்லை, கணவாயிலிருந்து நீங்கள் அதனோடுதான் இறங்கி வந்திருப்பீர்கள்.

2025 ஜூலை 20

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன், உற்சாகம் கூடிவிட்டது. எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும்.

கோடைப் பிற்பகலில் இடி வரும். பகல் ஒரு மணிக்குள் கணவாயைத் தாண்டியிருக்க வேண்டும். பத்து மணிக்கே மேகம் கோபுரம் கட்டத் தொடங்கினால் திரும்பிவிடுங்கள். ரோட்ஸ்டொக் குடிலில் சூப் குடித்துவிட்டு மூரனுக்கு இறங்குவதும் நல்ல நாள்தான். மீட்பு ஹெலிகாப்டருக்கு எண் 1414. கைபேசிக்கு அலை கிடைக்காவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ விளக்கோ, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு. ஹெலிகாப்டர் வந்தால் உதவி வேண்டும் என்பதற்கு இரண்டு கைகளையும் மேலே விரித்து நில்லுங்கள்.

மின்நிலைய ஓடைகளின் கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால், வானம் நீலமாக இருந்தாலும் ஆற்றுப்படுகையில் இறங்காதீர்கள். அணையில் மதகைத் திறந்தால் நொடியில் தண்ணீர் ஏறும்.

2025 ஆகஸ்ட் 4

கேள்வி கேட்ட சென்னைக் குடும்பத்தார் போய் வந்துவிட்டார்கள். அப்பா க்ரூட்ஷால்ப் பாதையை முழுக்க நடந்தாராம், ரயிலில் ஏற மறுத்துவிட்டாராம். ஓடையருகில் உட்கார்ந்து, "இதுவா?" என்று கேட்டாராம். தங்கை கணவாயைத் தாண்டியிருக்கிறாள். கார் மட்டும் நான்கு நாள் நிறுத்துமிடத்திலேயே நின்று கட்டணம் ஏறியிருக்கிறது. அடுத்து வருகிறவர்கள் காரே எடுக்காதீர்கள். அந்தச் சிறு ஊருக்குள் ஒவ்வொரு காராக நுழைவது அங்கே வாழ்கிறவர்களுக்குப் பெரும் தொல்லையாகிவிட்டது. ரயில் நேரே ஊருக்குள் வருகிறது.

2025 செப்டம்பர் 6

ஜூலையைவிட செப்டம்பர் நல்லதா என்று புதிதாக ஒருவர் கேட்கிறார். யோசிக்க யோசிக்க எனக்கு இரண்டு மனதாக இருக்கிறது. அருவி என்றால் ஜூன். ஆனால் அப்போது உயரக் கணவாய்களின் வடசரிவில் பழைய பனி கிடக்கும், அதில் வழுக்கினால் நிற்க முடியாது. கணவாய் என்றால் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும்: இடி குறைவு, காற்று தெளிவு, பாதை உலர்ந்திருக்கும். காடு என்றால் அக்டோபர், லார்ச் மரம் ஊசியிலை உதிர்க்கும் முன் மஞ்சளாகும். எல்லாம் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் ஜூலை நடு. ஒன்றை மட்டும் கேட்டால் நான் செப்டம்பர்க் கணவாயைச் சொல்வேன்.

2025 செப்டம்பர் 20

செப்டம்பரில் வந்து மேலே புதுப்பனி விழுந்து கணவாய் மூடிவிட்டால் வருந்த வேண்டாம். தூன் ஏரிக்கு மேலே யுஸ்டிஸ்டால் என்ற சிறு பள்ளத்தாக்கு இருக்கிறது. கோடை முழுக்க மலையில் கறந்த பாலில் செய்த பாலாடைக் கட்டிகளை அந்த மாதப் பிற்பகுதியில் அங்கே பங்கு பிரிப்பார்கள். சேமிப்புக் குடிலின் முன்னே வட்டக் கட்டிகளை அடுக்கடுக்காக வைத்து, எந்த அடுக்கு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். யாருடைய மாடு எவ்வளவு பால் கொடுத்ததோ அதற்கேற்ற பங்கு. பங்கு முடிந்ததும் மாடுகள் தலையில் பூ வைத்துக்கொண்டு ஊருக்கு இறங்கும். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், நிற்க இடம் கிடைக்காது. நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் சிக்ரிஸ்வில் ஊரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.